ஆடிக்கு முந்தி வாங்கிய கம்ப்யூட்டர்

இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள். சந்தோஷம். வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் உங்களிடம் கேட்பார்: "தம்பி, இருக்கிற மெஷினையே கொஞ்சம் வேகம் ஏத்திக் குடுத்தா போதுமா, இல்ல புதுசா வாங்கிடலாமா?" கிள்ளானில் கடை வைத்துக் கம்ப்யூட்டர் பழுது பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டது. பதில் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பதிலுக்காகக் கேட்பதில்லை, எரிச்சல் அதில்தான். முடிவை வீட்டிலேயே எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதை நம் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும் அவர்களுக்கு. நாம் வேறு மாதிரி சொல்லிவிட்டால் முகம் வாடிப் போகும், அப்புறம் அடுத்த கடைக்குப் போவார்கள்.

வேகம், மெமரி, விலை மூன்றையும் கூட்டிக் கழித்து ஒரு பதில் சொல்ல உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். நான் சொல்ல வந்தது, பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜாதகக் கடையில் நடந்தது. தொண்ணூற்று நான்கோ ஐந்தோ, எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அந்த மாடிப்படியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

கடைக்காரர் பெயர் தணிகாசலம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சோதிடம் கற்றுக்கொண்டு, ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டிவிட்டார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு பழைய த்ரீ எய்ட்டி சிக்ஸ் மெஷின் இருந்தது. மெட்ராஸிலிருந்து மலேசியாவுக்கு வந்த ஒருவர் அதில் ஜாதகம் கணிக்கும் புரோகிராமை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் மெஷின் யோசிக்கும். யோசிக்கும் என்றால் அப்படி ஒரு யோசனை. கீழே போய் டீ குடித்து, பேப்பரில் பாதி படித்துவிட்டு வரலாம். பிறகு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கதறிக்கொண்டே கட்டங்களைத் துப்பும்.

ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். அந்த மெஷின் செய்வது ஒரே ஒரு வேலை. ஹார்ட் டிஸ்கை மாற்றி, மெமரியைக் கொஞ்சம் கூட்டி, கணக்குப் போடுவதற்கென்றே இருக்கும் சிப்பு ஒன்றை உள்ளே செருகிவிட்டால் இன்னும் சில வருஷம் ஓடும் என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, இது ராசியான மெஷின். இது வந்த பிறகுதான் என் மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு. இதப் பிரிச்சு உள்ள கைய விட்டா ராசி போயிடும்லா."

"அப்ப புதுசு வாங்குங்க மாஸ்டர்."

"புதுசு ராசியா இருக்கணுமே."

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. மாதம் ஒரு தடவை போன் வரும். ஏத்தலாமா, வாங்கலாமா? நான் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். அடுத்த மாதம் மறுபடியும் அதே கேள்வி. பிரிக்கவும் விடமாட்டார், வாங்கவும் மாட்டார். என் மனைவி போனை எடுத்தாலே "ராசிக்காரர் கூப்பிடுறாரு" என்று சிரிப்பாள். ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக ஒன்று சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதீர்கள்.

"மாஸ்டர், எத வேணும்னாலும் வாங்குங்க. ஆனா வாங்கினதும் பழசத் தூக்கி ஓரமா வெச்சிடாதீங்க. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு ஒரு மாசம் ஓட்டுங்க. வர்ற ஆளோட வெவரத்த ரெண்டுலயும் போடுங்க. ரெண்டும் ஒரே பதில் சொல்லுதான்னு பாருங்க. அப்புறம் பழசுக்கு மால போட்டு மரியாத பண்ணுங்க."

"ஆங், அது சரி, அது சரி," என்றார். அந்தத் தலையாட்டலை நம்பிக்கொண்டு நான் கிள்ளானுக்குத் திரும்பினேன்.

ஆனி மாதக் கடைசியில் யாரோ ஒரு விற்பனையாளர் அவர் கடைப்படி ஏறியிருக்கிறார். புது மெஷின், புதுப் புரோகிராம், லேசர் பிரிண்டர், தமிழ் எழுத்து முத்து முத்தாக வரும் என்றிருக்கிறார். மாஸ்டர் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கிறார். ஆடி பிறக்க இரண்டொரு நாள்தான் பாக்கி. ஆடியில் புதுப் பொருள் எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி வரை காத்திருந்தால் கல்யாணப் பொருத்தம் பார்க்க வரும் கூட்டத்தை அந்தப் பழைய மெஷின் தாங்காது. ஆடிக்கு முன்னால் ஒரே ஒரு காலை வேளைதான் நல்ல நேரம். ஒரு வருஷம் யோசித்த மனுஷர் ஒரே நாளில் வாங்கிவிட்டார். அன்று காலையிலேயே தேங்காய் உடைத்து, புதியதின் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, பழையதைக் கழற்றிவிட்டார். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டுவதாவது, ஒப்பிடுவதாவது! மேசையில் இரண்டுக்கும் இடமில்லை என்று காரணம் வேறு. பழையதை வீச மனம் வரவில்லை. சாமி மேடைக்குக் கீழே வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டார்.

மெஷின் மாற்றுவதற்கு நாள் பார்த்த வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் கடை திறக்க நாள் பார்த்தவன்தான். ஆனால் நல்ல நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்றுதான் பஞ்சாங்கம் சொல்கிறதே தவிர, நல்ல நேரத்துக்குள் முடித்துவிடவும் வேண்டும் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? அன்றைக்குத் தொடங்கிவிட்டு, பழையதையும் கூட ஓட்டியிருக்கலாமே.

ஆடி முடியப்போகும் சமயம், ஒரு சனிக்கிழமை மதியம், போன் வந்தது. மாஸ்டர்தான். "அண்ணே, உடனே வாங்க. இங்க ஒரே கலாட்டா." ஹைவே நெரிசலில் காடியை ஓட்டிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன்.

மாடியில் மாஸ்டரைத் தவிர மூன்று பேர். பந்திங்கிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, பெயர் பாக்கியம். அவர் மகன் சேகர். அவர்களுக்கு எதிரில் தனியாக நின்றுகொண்டிருந்த ஒரு பெண், மாலதி. சேகருக்கும் மாலதிக்கும் ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இருவரும் ஷா ஆலமில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பழகியவர்கள். பொருத்தம் இருந்தால் சம்மதம் என்று பாக்கியம் அம்மாள் சொல்லி, பங்குனியில் இதே மாஸ்டரிடம், பழைய மெஷினில் பார்த்திருக்கிறார்கள். பொருத்தம் நன்றாக இருந்தது. தோஷம் எதுவும் இல்லை. மண்டபம் சொல்லி, கார்டு அடித்து, புடவையும் எடுத்தாகிவிட்டது.

அப்புறம்தான் வினை. பழைய தாளில் எழுத்து மங்கலாக இருக்கிறதே, சாமி மேடையில் வைத்துக் கும்பிட நல்லதாக ஒரு பிரதி வேண்டும் என்று பாக்கியம் அம்மாள் மறுபடியும் கடைக்கு வந்திருக்கிறார். மாஸ்டர் பெருமையாகப் புது மெஷினில் அடித்துக் கொடுத்தார். எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது. ஆனால் பெண்ணின் லக்னம் துலாம் என்றிருந்தது கன்னியாக மாறிவிட்டது. லக்னம் ஒரு கட்டம் நகர்ந்ததும், ஆறாம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த செவ்வாய் ஏழாம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஏழில் செவ்வாய் என்றால் கட்டியவனுக்கு ஆகாது என்பார்கள். செவ்வாய் தோஷம்.

அந்த அம்மா கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பிள்ளையோடு கணவனைப் பறிகொடுத்து, எஸ்டேட்டில் வேலை செய்து, அந்த ஒரே மகனை வளர்த்தவர். அவருக்கு அந்தத் தாளில் இருந்தது மகனுடைய உயிர். பண்டமாரானில் மாலதியின் அம்மா செய்தி கேட்டதிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. பெண்ணே கிளம்பி, சேகரையும் அவன் அம்மாவையும் வரச்சொல்லி, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டாள்.

அவள் கையில் இரண்டு தாள்கள், பங்குனியில் வந்த பழையதும் இப்போது வந்த புதியதும். "அண்ணே, நான் ஃபேக்டரில குவாலிட்டி செக்கிங். எங்க லைன்ல ஒரே பொருளுக்கு ரெண்டு மெஷின் ரெண்டு ரீடிங் காட்டுச்சுன்னா லைனையே நிறுத்திருவோம். இங்க என் கல்யாணத்த நிறுத்திட்டு மெஷின ஓட்டிக்கிட்டு இருக்காங்க. எது சரின்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

மாஸ்டர் என்னைப் பால்கனிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "பிரிண்டர் ரோசாக்கு, கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்கண்ணே. நான் பழையபடியே ஒண்ணு அடிச்சுக் குடுத்துர்றேன். எல்லாரும் சந்தோஷமா போயிடுவாங்க."

"பிரிண்டர் ரோசாக்கானா எழுத்துதான் போகும் மாஸ்டர். செவ்வா எப்படி வீடு மாறும்?"

"அவங்களுக்கு என்னா தெரியப்போவுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும். உள்ள வாங்க."

ஜாதகத்தை நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நான் நம்புவதும் நம்பாததும் அந்த மாடியில் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு வாடிக்கையாளரின் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவருடைய தொழில்தான் உங்கள் தொழில். இதெல்லாம் மூடநம்பிக்கை, எப்படி வந்தால் என்ன என்று நான் கையை உதறியிருந்தால், அந்தப் பெண்மேல் விழுந்த பழி அப்படியே நின்றுபோயிருக்கும்.

சாமி மேடைக்குக் கீழே இருந்து பழைய மெஷினை வெளியே இழுத்தேன். காற்றுப் போகும் ஓட்டைகளில் காய்ந்த மல்லிகை. பிளாப்பி செருகும் வாயில் குங்குமம். பிரித்து உள்ளே கையைவிடக் கூடாதாம், குங்குமத்தை மட்டும் விடலாமாம்! ஊதித் துடைத்து ஸ்விட்சைத் தட்டினேன். இருமி, முனகி, எழுந்துகொண்டது. மாலதியின் பிறப்பு விவரத்தைப் போட்டேன். அது வழக்கம்போல நிதானமாக யோசித்தது. துலாம். புதியதில் போட்டேன். கண் இமைப்பதற்குள் கன்னி. ஒரே பெண், ஒரே பிறந்த நேரம், இரண்டு லக்னம்.

"புதுசுதான் கரெக்டா இருக்கணும்," என்றார் மாஸ்டர், தாழ்ந்த குரலில். "லேட்டஸ்ட் மெஷின்."

"அப்ப பங்குனியில நீங்க எங்களுக்குக் குடுத்தது பொய்யா?" என்றார் பாக்கியம் அம்மாள்.

"பொய் இல்லம்மா, அது பழைய மெஷின்…"

"எனக்கு மெஷின் கத வேணாம். என் மகன் நல்லா இருப்பானா, மாட்டானா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் என்னைப் பார்த்தார். மாலதியும் பார்த்தாள். சேகர் மட்டும் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து காடிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

'பழையதுதான் சரி' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பெண்ணின் முகத்துக்காகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது. ஆனால் எனக்குத் தெரியாது. எது சரி என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவே தெரியாது. சொல்லிவிட்டு, நாளைக்கு இன்னொரு சோதிடர் கன்னி என்று எழுதிக் கொடுத்தால், கல்யாணம் ஆன பிறகு அவள் கதி என்ன? உங்களுக்கும் இந்த இடம் வரும். சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு எதுய்யா சரி என்று கத்துவார்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் திட்டட்டும், காது என்ன அறுந்தா விழும்?

"தெரியல ஆன்டி. கொஞ்சம் டைம் குடுங்க," என்றேன்.

"ரெண்டு மெஷின் வெச்சிருக்கீங்க, ஒண்ணும் தெரியலைங்கிறீங்க," என்று தலையில் அடித்துக்கொண்டார். நியாயம்தான்.

என்னுடைய பிறந்த நேரத்தை இரண்டிலும் போட்டேன். லக்னம் மாறவில்லை, ஆனால் பாகை மாறியிருந்தது. மாஸ்டருடையதைப் போட்டேன். சேகருடையதைப் போட்டேன். யாருக்கும் கட்டம் மாறவில்லை. ஆனால் எல்லாருக்கும் புதியதில் லக்னம் ஏறக்குறைய ஒரே அளவு பின்னால் தள்ளியிருந்தது. கட்டத்தின் நடுவில் லக்னம் இருப்பவருக்கு அது தெரியாது. மாலதிக்கு லக்னம் துலாம் தொடங்கும் இடத்திலேயே இருந்ததால், பாவம், பின்னால் கன்னிக்குள் விழுந்துவிட்டது. மெஷின் தவறாகக் கூட்டினால் இப்படி ஒழுங்காகத் தவறாது. யாரோ எதையோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது அதன்படி செய்கிறது. புதியதில் மாலதியின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் கூட்டியதும் பழைய மெஷினில் வந்த அதே துலாம், அதே பாகை.

அரை மணி நேரம்! அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. எண்பத்திரண்டாம் வருஷம் பிறந்தபோது இந்த நாட்டில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு நமக்கும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பதற்காக. அதுவரை கிரீன்விச் நேரத்துக்கு நாம் ஏழரை மணி முன்னால். அதற்குப் பிறகு எட்டு மணி. கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் நான் தொழிற்சாலைகளில் பஞ்ச் கார்டு கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். அந்த வருஷப் பிறப்பு அன்று ஊரெல்லாம் பலகாரம் தின்றுகொண்டிருக்க, நான் ஆலை ஆலையாக ஏறி இறங்கி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படி மறக்கும்?

இரண்டு புரோகிராமிலும் மலேசியாவுக்கு என்ன நேரம் போட்டிருக்கிறது என்று பார்த்தேன். பழையதில் ஏழரை. புதியதில் எட்டு. மாலதி பிறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அவள் பிறந்தபோது கிள்ளான் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த கடிகாரம் ஏழரைக் கணக்கில் ஓடிய கடிகாரம். ஆகவே அவளுக்குப் பழைய மெஷின் சொன்னதுதான் சரி. துலாம். செவ்வாய் ஆறில். தோஷம் இல்லை.

இதை நான் சத்தமாகச் சொல்லி முடிக்கவில்லை, மாஸ்டர் தொடையைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன்ல! ராசியான மெஷின்! பழசுதான் கரெக்ட். இனிமே அதையே ஓட்டிக்கிறேன்." பழைய குருடி கதவைத் திறடி என்று மேசையிலிருந்து புதியதை இறக்கவே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "மாஸ்டர், கொஞ்சம் நில்லுங்க. உங்க பேரன் எப்பப் பொறந்தான்?"

"போன வருசம்."

"ஜாதகம் எதுல எழுதினீங்க?"

"இதுலதான். பழசுல…" பாதியில் நின்றுவிட்டார்.

பழையது எண்பத்திரண்டுக்கு முன்னால் பிறந்தவர்களுக்குச் சரி, பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தப்பு. புதியது பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களுக்குத் தப்பு. மெட்ராஸ்காரர் ஏதோ ஒரு பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து ஏழரை என்று போட்டுவிட்டார். புதுப் புரோகிராம் எழுதியவர் இன்றைய கணக்கைப் பார்த்து எட்டு என்று போட்டுவிட்டார். இரண்டு பேருமே இந்த ஊரில் பிறந்தவர்கள் இல்லை. பிறந்த வருஷத்தைப் பார்த்து ஏழரையா எட்டா என்று கேட்க வேண்டியவர் மாஸ்டர்தான். அவரும் அந்த வருஷம் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர்தானே? ஏத்தலாமா, வாங்கலாமா என்று ஒரு வருஷம் என் உயிரை எடுத்தார். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் யாரோ ஒருவருக்கு இது தப்பாகத்தான் வந்திருக்கும். புதியதில் இரண்டு விதமாகவும் போடும்படி நான் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். பெரிய வேலையே இல்லை.

"ஆனிக்கு அப்புறம் வந்தவங்க எல்லாரையும் நீங்கதான் கூப்பிட்டுச் சொல்லணும் மாஸ்டர்," என்றேன். "பழையதுல பிள்ளைங்களுக்குப் பாத்தவங்களையும்."

"என் பேர் என்னாத்துக்கு ஆவறது?"

"இந்தப் பொண்ணு மாதிரி இன்னும் எத்தன பேர் வீட்டுல சாப்பிடாம கெடக்கிறாங்களோ. உங்க பேரப் பத்திப் பேசறீங்க!" என்று கத்திவிட்டேன். வாடிக்கையாளரிடம் கத்தக் கூடாது. நீங்கள் கத்தாதீர்கள்.

பிறகு, இதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும், அவரே பாக்கியம் அம்மாள் முன்னால் போய் நின்று, "அம்மா, தப்பு என்னோடது. பொண்ணு ஜாதகம் சுத்தமா இருக்கு. மொதல்ல பாத்ததுதான் சரி," என்றார்.

அந்த அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எழுந்து வந்து மாலதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. மண்டபக்காரன்கிட்ட இன்னும் நான் ஒண்ணும் சொல்லல. கார்டு எல்லாம் அப்படியே இருக்கு. இன்னும் நாள் இருக்கு, எல்லாம் பண்ணிடலாம்."

என் வேலை முடிந்தது. சாமான்களைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

மாலதி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு சேகர் பக்கம் திரும்பினாள். "மெஷின் தப்புன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. இத்தன நாளா நீங்க ஒரு போன் பண்ணல. வேல எடத்துல என்னப் பாத்தும் பேசல. சரி. இந்த அண்ணன் வந்து பாக்காம இருந்திருந்தா, இது தப்புன்னு தெரியாமலே போயிருந்தா, நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

சாவி சுற்றுவது நின்றது. சேகர் அவளைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கே போய்ப் பார்ப்பது? கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன்.

"உங்களத்தான் கேட்டேன்," என்றாள் மாலதி. அவள் குரல் உயரவில்லை.

"அம்மா சொன்னாங்க…" என்று தொடங்கினான் சேகர். அதோடு நின்றுவிட்டான். அவள் காத்திருந்தாள். நன்றாகவே காத்திருந்தாள். வாயைத் திற தம்பி, ஏதாவது சொல்லித் தொலை என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் சாவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மாலதி இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ரொம்ப தேங்ஸ்ண்ணே," என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

பாக்கியம் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே எழுந்து போனார். "என்னம்மா, எங்க கெளம்பிட்ட? இப்பதான் எல்லாம் சரியாயிருச்சே!"

அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மெஷின்தான் ஆன்டி சரியாயிருச்சு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.